பள்ளத்துப் பாதையில் பட்ட மரங்கள்

பள்ளத்தில் முதல் அத்தி மரம் இலை கொட்டியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசான மரம், வெயிலும் இந்த வருஷம் கொஞ்சம் கூடத்தான் என்று பேக்கரிக்காரர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். மாவுக்கட்டு அக்காவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. குனிந்து ஒரு கை இலையை அள்ளிப் பார்த்தாள். பழுத்து விழுந்த இலை என்றால் மஞ்சள் தட்டியிருக்கும். இவை பச்சை மாறாமலே காய்ந்து, ஓரம் கருகி, லேசாக மூடிய கைக்குள் பொடிப்பொடியாக நொறுங்கின. கையை உதறிவிட்டு மேலே பார்த்தாள். கிளைகளுக்கு நடுவே வானம் கிழிந்த துணி மாதிரி தெரிந்தது.

மாவுக்கட்டு அக்கா என்பது அந்தக் குடியிருப்பு வைத்த பெயர். ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு மாவுக்கட்டு போடுவது அவள் உத்தியோகம். டாக்டர் எலும்பை நேராக்கிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். மாவுத்துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சுற்றிச் சுற்றி, உள்ளங்கையால் நீவி, அது சூடேறி இறுகும்வரை அந்தக் கையையோ காலையோ பிடித்துக்கொண்டு நிற்பவள் அவள்தான். ஏணியிலிருந்து விழுந்தவர்கள், சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள், வீட்டில் நடந்ததை மறைத்துக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னவர்கள் எனக் குடியிருப்பில் பாதிப் பேர் அவள் கைக்குள் இருந்துவிட்டு வந்தவர்கள். எப்படி ஆச்சு என்று அவள் தோண்டித் துருவ மாட்டாள். "எங்க உடைஞ்சதுன்னு தெரிஞ்சா போதும், கட்டு போட்டுடலாம். ஏன் உடைஞ்சதுன்னு அவங்களா சொன்னா கேட்டுக்கலாம்" என்பாள். அந்த வாயடக்கத்துக்காகவே அவளை எல்லோருக்கும் பிடிக்கும்.

பள்ளம் என்பது குடியிருப்புக்குப் பின்னால் ஓடையை நோக்கி இறங்கும் சரிவு. அடியில் பஸ் நிற்கும் ரோடு. பள்ளத்தின் வழியாக ஏறி வந்தால் வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். இல்லாவிட்டால் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டும். ஒரு காலத்தில் அங்கே கால் வைக்க முடியாது. பஞ்சு பிதுங்கிய மெத்தை, உடைந்த கம்மோடு, பழைய டயர் எல்லாம் மேலிருந்து உருண்டு வந்து அத்தி மரங்களின் வேரில் முட்டி நிற்கும். வாரத்துக்கு ஒரு தடவை யாராவது நெருப்பு வைப்பார்கள். ஒருநாள் அந்தப் புகை அக்காவின் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, உலை வைத்த பாத்திரத்துக்கு மேலே சுற்றியது. அவள் அடுப்பை அணைத்தாள். ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பேச்சு குறைவு, பேசினால் குசும்பு. "ஆஸ்பத்திரியில எலும்பு பொறுக்குறது பத்தலைன்னு இங்க வேறயா" என்று மாடியிலிருந்தே கேட்டார். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே இறங்கிவந்து, ஒரு கம்மோடைச் சிம்மாசனம் மாதிரி தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குடியிருப்பின் நடுவழியாக ஊர்வலம் போனார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்த வாயோடு நாலு பேர் கை கொடுத்தார்கள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சேர்ந்தது. வருஷங்கள் ஓடின. குப்பை போய்ப் பாதை வந்தது. பாதைக்குக் கல்படி வந்தது, நடுவில் ஒரு பெஞ்சு வந்தது. அத்தி மரங்களில் பழந்தின்னி வௌவால்கள் திரும்ப வந்தன.

வௌவால்கள் வந்தபின் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் ஒருமுறை பொழுது சாயும் நேரத்தில் 'வௌவால் மாலை' என்று ஒன்று ஆரம்பித்தாள். குடும்பம் குடும்பமாகப் பாயோடு வந்து உட்காருவார்கள். பேக்கரிக்காரர் பன் கொண்டுவருவார். வானம் கருக்கும்போது முதல் வௌவால் கிளையை விட்டு நழுவி, இறக்கையை விரித்து, தலைக்கு மேலே சத்தமில்லாமல் போகும். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்ப்பார்கள். அந்த நிசப்தத்துக்காகத்தான் அவள் மாதம் முழுவதும் மாவில் கை வைத்துக்கொண்டு நின்றாள் என்றுகூடச் சொல்லலாம்.

பாதைக்கு விளக்குப் போடலாம் என்ற பேச்சு போன மழைக்காலத்தில் எழுந்தது. நகராட்சி கம்பம் தரத் தயாராக இருந்தது. கூட்டத்தில் ஒருவனான எலக்ட்ரீஷியன் தம்பி, "வயர் நானே இழுத்துத் தர்றேன், அதுக்கு யாரையும் தேட வேண்டாம்" என்றான். முப்பதைத் தொட்ட பையன், தங்கையோடு மூன்றாவது மாடியில் குடியிருப்பவன், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் வருகிறவன். ஆனால் அக்கா எழுந்து நின்றாள். விளக்கு வந்தால் வௌவால் போய்விடும் என்றாள். பூச்சி போகும், பறவையின் தூக்கம் போகும் என்றாள். "இது பகல்ல நடக்குற பாதை. இருட்டினா கடைத்தெரு வழியா சுத்தி வாங்க. கொஞ்சம் நடந்தா நம்ம தொப்பைக்கும் நல்லதுதானே" என்று அவள் முடித்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது அவள் பக்கம்தான் அதிகம். எலக்ட்ரீஷியன் தம்பியும் சிரித்துக்கொண்டே, "சரிக்கா. உங்க வௌவால் ஜெயிச்சிருச்சு" என்றான். விளக்கு விஷயம் அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முதல் மரம் மொட்டையானபின் இரண்டாவது மரமும் அதே மாதிரி பச்சை இலையைக் கொட்டியது. பிறகு மூன்றாவது. மூன்றாவது மரத்தின் அடியில் ஏறியிருந்த கொடியை அறுக்க அக்கா மண்டியிட்டபோதுதான், பட்டையில் வட்டமாக ஒரு இடம் நிறம் மாறியிருப்பதைக் கண்டாள். பெருவிரல் அகலம் இருக்கும். சுரண்டினாள். களிமண் உதிர்ந்தது. உள்ளே ஒரு குச்சியை விட்டாள். குச்சி போய்க்கொண்டே இருந்தது. வெளியே இழுத்தபோது அதன் நுனியில் மூக்கைச் சுடும் நெடி. அவள் மண்டியிட்டபடியே மரத்தைச் சுற்றி வந்தாள். சுற்றிலும் அதே மாதிரி துளைகள், எல்லாவற்றிலும் களிமண் பூச்சு. ஒவ்வொன்றையும் பட்டையின் வரி கெடாமல் விரலால் நீவி மூடியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, பக்குவமாகச் செய்திருந்தார்கள். 

பேக்கரிக்காரரையும் எலக்ட்ரீஷியன் தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"மேல் மாடிக்காரன் வேலையா இருக்கும்" என்றார் பேக்கரிக்காரர். "மரம் மறைக்குது, ஓடை தெரியலைன்னு புலம்பிக்கிட்டே இருப்பான்."

எலக்ட்ரீஷியன் தம்பி குனிந்து துளைக்குள் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "யாரா இருந்தாலும் வேலை தெரிஞ்ச ஆள்க்கா" என்றான்.

மேல் மாடிக்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த மூன்று மரங்களும் தெரியவே தெரியாது என்பது அக்காவுக்குப் பிறகுதான் உறைத்தது. செத்தது மூன்றும் பாதையோர மரங்கள். உள்ளே தள்ளி நின்றவற்றில் ஒரு இலைகூட வாடவில்லை.

ரோந்து போவது என்று முடிவானது. இரண்டிரண்டு பேராக, முறை வைத்து, காலையிலும் அந்தியிலும். கொஞ்ச நாள் எல்லோரும் வீராப்பாக நடந்தார்கள். ரோந்து நடக்கும்போதே நான்காவது மரம் இலையைக் கொட்டியது. ரோந்து எப்போது வரும், எப்போது வராது என்று தெரிந்த ஆள் என்பதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளின் சத்தம் மாறிவிட்டது. யார் பையில் என்ன இருக்கிறது என்று கண் போயிற்று. ஒருத்தர் மரத்தடியில் குனிந்தால் இன்னொருத்தர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பன் கொண்டுவந்த பேக்கரிக்காரரே, யாரும் எடுக்காத பன்னைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாத வௌவால் மாலைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். வௌவால்கள் கிளம்பின. பட்ட மரங்களுக்கு மேலே வட்டமடித்தன, இறங்கவில்லை. இலையில்லாத கிளைகள் வானத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்தாள். பார்சல்காரர்தான் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "வௌவாலெல்லாம் எங்கயும் போகாது பாப்பா, மாமா பாத்துக்குறேன்" என்று சமாதானப்படுத்தினார். குடியிருப்புக்குப் பார்சல் கொண்டுவருகிறவர் அவர். எந்த வீட்டுக் காலிங்பெல் வேலை செய்யாது, எந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குத் தனியாக இருப்பார்கள், யார் தூங்குமூஞ்சி என்று எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் வந்து கல்படி போடும்போது இரண்டு ஆள் வேலையை ஒற்றையாகச் செய்தவர். பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். கலங்கிப்போயிருந்த அந்தச் சாயங்காலத்தில், நல்லவேளை இப்படி ஒரு மனுஷன் இருக்கிறார் என்று அக்கா நினைத்தாள்.

அதன்பின் விடாமல் மழை பிடித்தது. ஒரு நடுப்பகல், வேலை முறை மாறி அக்கா வீட்டில் இருந்தாள். கல்படிக்குப் பக்கத்து வாய்க்கால் அடைத்திருக்குமோ என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினாள். பாதையில் ஈ காக்கை இல்லை. மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. வண்டு முனகுவது மாதிரி, விட்டு விட்டு. அவள் பெஞ்சைத் தாண்டி வளைவில் திரும்பினாள்.

எலக்ட்ரீஷியன் தம்பி ஐந்தாவது மரத்தடியில் முழங்காலிட்டிருந்தான். தலைக்கு மேலே பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கிளையில் கட்டியிருந்தான். கையில் துளைபோடும் மெஷின். மரத்தூள் நனைந்து அவன் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்தான். எழுந்து ஓடவில்லை, முகம்கூட மாறவில்லை.

"ஒரு நிமிஷம்க்கா" என்றான். தொடங்கிய துளையைப் போட்டு முடித்தான்.

 மெஷின் நின்றதும் மழை மட்டும் பெய்தது.

"நீயா" என்றாள் கடைசியில். "நீ நட்ட கன்னுக்கெல்லாம் நீயே தண்ணி ஊத்துவியேப்பா."

"கன்னை நான் ஒண்ணும் பண்ணலக்கா. பாதையை மறைக்கிற மரம் மட்டும்தான்." அவன் மெஷினைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தான். "தெருவிளக்கு வெளிச்சம் மேலேருந்து கீழ வரைக்கும் விழணும். இந்த மரம் போச்சுன்னா விழுந்துடும். நான் மாடியிலேருந்து பாத்து வெச்சிருக்கேன்."

"விளக்கு வேணும்னா கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே."

அக்கா மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னால் தள்ளினாள்.

"அந்தக் கூட்டம் முடிஞ்சு கொஞ்ச நாள்ல, என் தங்கச்சி வேலை முடிஞ்சு இந்த வழியா வந்தா" என்றான். குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. "மழை. சுத்தி வர சோம்பேறித்தனம். ஒருத்தன் பின்னாலேருந்து வாயைப் பொத்தி இங்க உள்ள இழுத்திருக்கான். அவ அவன் கையைக் கடிச்சு, உதைச்சு, எப்படியோ பிச்சுக்கிட்டு வந்துட்டா. கை உடைஞ்சு போச்சு. நீங்கதான்க்கா கட்டு போட்டீங்க."

அக்காவுக்கு அந்தக் கை நினைவு வந்தது. ஒல்லியான மணிக்கட்டு. படியில் வழுக்கிட்டேன் என்று சொன்ன பெண். கட்டு இறுகும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தாள். வலி என்று நினைத்து, "சரியாயிடும்மா, எலும்பு சேந்துடும்" என்று சொல்லியனுப்பியது தான்தான்.

"போலீஸ்ல சொல்லலையா?"

"அவ வேண்டாம்னுட்டா. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அவன் மூஞ்சியும் தெரியல. எப்படித் தெரியும், வெளிச்சமே இல்லையே." அவன் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "ஆனா ஒண்ணு சொன்னா. கீழேருந்து ஏறுனா மூணாவது படி ஆடும்ல, நம்ம ஆளுங்க எல்லாரும் அதை மிதிக்காம தாண்டுவோம்ல. அவளைத் துரத்திக்கிட்டு வந்தவன் அந்தக் கும்மிருட்டுல அந்தப் படியைத் தாண்டிக் கால் வெச்சானாம். அவதான் தெரியாம மிதிச்சு விழுந்தா. அப்போதான் கை போச்சு. கீழ ரோட்டுல பஸ் வந்து நிக்கிற சத்தம் கேட்டு அவன் திரும்பிட்டான்."

மழை பிளாஸ்டிக் தாளில் விழுந்து தெறித்தது.

"அதுக்கப்புறமும் நான் ஏன் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றேன்னு நினைச்சீங்க? யார் கையில கடிச்ச தழும்பு இருக்குன்னு பாக்கத்தான்க்கா. எல்லாரும் கையுறை போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நீங்கதானே வாங்கிக் கொடுத்தீங்க."

அன்று சாயங்காலம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வழக்கம்போல் ஒரு குசும்பும் சொல்லவில்லை. "அப்போ இத்தனை நாளா நம்ம கூட உக்காந்து டீ குடிச்சவன்தான்" என்றார். எழுந்துபோய்க் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தார். பகல் வெளிச்சம் இன்னும் போகாத நேரம் அது. அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு யாரும் தாழ் போட்டதில்லை.

மறுநாள் அவள் மூன்றாவது மாடிக்குப் போனாள். கதவில் புதிதாக மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கூடுதல் தாழ்ப்பாள்கள். திறக்கவே நேரமாயிற்று. உள்ளே பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்த்த பெண் அவள். இப்போது வேலையை விட்டிருந்தாள். கட்டு பிரித்த கை இன்னும் கொஞ்சம் சூம்பித்தான் இருந்தது. அக்கா அதைத் தன் இரண்டு கைக்குள் எடுத்து, விரலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் தடுக்கவில்லை.

"அண்ணன் சொல்லிட்டானா?"

"சொல்ல வேண்டிய நெலமை. அவன் மரத்துக்கெல்லாம் விஷம் வெச்சிருக்கான்மா."

அவளுக்கு அது தெரியாது. கையை உருவிக்கொண்டாள்.  "நான் கேட்டேனாக்கா அவனை? எனக்காக மரத்தை வெட்டு, எனக்காக ஆளைத் தேடுன்னு நான் கேட்டேனா? எனக்கு எதுவும் வேண்டாம்னுதானே சொன்னேன். இப்போ ஊரே பேசும்." பிறகு அவளே, மெதுவாக: "வௌவால் மாலைக்கு நானும் வந்திருக்கேன்க்கா. முன்னாடி. பிடிக்கும்."

"விளக்கு வேண்டாம்னு சொன்னது நான்தான்மா" என்றாள் அக்கா.

"தெரியும். நானும்தான் அன்னிக்கு உங்க பக்கம் கை தூக்குனேன்."

அக்கா அந்தக் கையை மறுபடி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.  கீழே யாரோ காலிங்பெல் அடித்தார்கள். அந்தப் பெண்ணின் தோள் தூக்கிப்போட்டது. அது அடுத்த வீட்டுப் பெல்.

"அவன் ஒரே ஒரு தடவை பேசுனான்" என்றாள். "'கத்தாத, கீழ யாரும் இல்ல'ன்னான். கோபமா இல்ல. குழந்தைக்கிட்ட சொல்ற மாதிரி. அந்தக் குரலைக் கேட்டா எனக்குத் தெரியும்க்கா. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். நீங்க என் பக்கத்துல உக்காருங்க. அது போதும்."

எலக்ட்ரீஷியன் தம்பியிடம் அக்கா ஒன்று மட்டும் சொன்னாள். மரத்தைக் கொன்றது யார் என்று அவனே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஏன் என்பதைச் சொல்வதும் சொல்லாததும் அவன் தங்கையின் இஷ்டம். அவன் தலையாட்டினான்.

ஞாயிறு வந்தது. மழை விட்டிருந்தாலும் வெயில் வரவில்லை. பள்ளம் முழுக்க ஈரமண் நெடி. பெஞ்சில் அக்காவும் அந்தப் பெண்ணும் ஒட்டி உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி பட்ட மரம் ஒன்றில் சாய்ந்துகொண்டு, "நான்தான் பண்ணேன்" என்றான்.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பேக்கரிக்காரர் அருகில் போய், "என் புள்ளை மாதிரி நெனைச்சேனேடா உன்னை" என்றார். மேல் மாடிக்காரர், தன் தலையில் பழியைப் போட்டவர்களை ஒவ்வொருவராக நியாயம் கேட்டார். ஒருவர் போலீஸ் என்றார், ஒருவர் நகராட்சி என்றார். அக்கா பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு ஆண் குரலுக்கும் தன் பக்கத்திலிருந்த பெண்ணின் மூச்சைக் கவனித்தாள். அந்தப் பெண் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குரலும் வந்தது, போயிற்று. அவள் லேசாகத் தலையசைத்தாள். இல்லை. இல்லை. இவரும் இல்லை. அக்காவின் நெஞ்சில் ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கத் தொடங்கியது. தன்னோடு வருஷக்கணக்கில் மண் சுமந்த ஆட்கள். இவர்களில் யாரும் இல்லை.

அப்போது மேலே படியிலிருந்து பிள்ளைகள், "மாமா வந்துட்டாரு" என்று கத்தின. பார்சல்காரர் தாமதமாக வந்துகொண்டிருந்தார். ஒரு பையனைத் தோளில் வைத்திருந்தார்.

"என்ன எல்லாரும் கூடி..." என்று ஆரம்பித்தவர் பெஞ்சைப் பார்த்தார். பேச்சு பாதியில் நின்றது. பையனை மெதுவாக இறக்கிப் படியில் நிற்க வைத்தார். அவன் தலையைத் தடவினார். திரும்பி வந்த வழியே ஏறிப் போனார். ஓடவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்தவர் மாதிரி நடந்தே போனார்.

அக்காவின் மணிக்கட்டில் நகம் பதிந்தது. அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை. அவள் உதடு மட்டும் வெளுத்திருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி தங்கையின் முகத்தைப் பார்த்தான், படியைப் பார்த்தான், பாய்ந்து ஏறினான். அவன் மேலே போனபோது பார்சல் வண்டி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

அன்று மாலையே அந்தப் பெண் தானாகக் கிளம்பிப் போலீஸில் புகார் கொடுத்தாள். அக்கா கூடப் போனாள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டார்கள். "பயம்" என்று ஒரே வார்த்தையில் சொன்னாள். பார்சல் கம்பெனியில் விசாரித்தபோது அந்த ஆள் வண்டியை வாசலில் விட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். தங்கியிருந்த அறை காலி. ஜன்னல் விளிம்பில் துவைத்துக் காயப்போட்ட ஒரு ஜோடி கையுறை மட்டும் கிடந்தது, அக்கா வாங்கிக் கொடுத்ததில் ஒன்று. போன் அணைந்தே இருந்தது. இன்றுவரை ஆள் சிக்கவில்லை.

அவர்தானா என்பதுகூட உறுதியாகத் தெரியாது. "நாலு வார்த்தைதான்க்கா கேட்டேன். சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்" என்று அந்தப் பெண்ணே சொன்னாள். கூட்டம் கொதித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, நமக்கெதுக்கு வம்பு என்று விலகிப்போன அப்பாவியாகவும் இருக்கலாம். அப்படி என்றால் ஆள் ஏன் மறைய வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றும். அவர் இல்லை என்றால் அந்த இன்னொருத்தன் இங்கேயேதான் இருக்கிறான் என்று மறுபக்கம் தோன்றும். குடியிருப்பில் வீட்டுக்கு வீடு பூட்டு மாற்றினார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, மாமா எங்கே தூக்கிக்கொண்டு போனார், என்ன சொன்னார் என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் புரியவில்லை. மாமா எப்போது வருவார் என்று கேட்டன.

பட்ட மரங்கள் விழுந்துவிடும் என்று நகராட்சி ஆட்கள் வந்து அறுத்துப் போட்டார்கள். எலக்ட்ரீஷியன் தம்பி மீது வழக்கு நடக்கிறது. பேக்கரிக்காரர் அவனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அக்கா பேசுவாள், ஆனால் முன்பு மாதிரி அல்ல. அவனைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 'ஒரு நிமிஷம்க்கா' காதில் விழும். தப்பு செய்தவன்தான் என்று கோபம் வரும்; தான் மட்டும் என்ன என்று உடனே கோபம் தன் பக்கம் திரும்பும். விளக்குக்கான அடுத்த கூட்டத்தில் அவள்தான் முதலில் எழுந்தாள். "போட்டுடலாம்" என்றாள். வௌவாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

விளக்குகள் வந்தன. வௌவால்கள் அந்தப் பருவத்திலேயே ஓடையின் மேல்பக்கம் இருக்கும் பழைய தோட்டத்துக்குப் போய்விட்டன. அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள். பாதை வழியாக வருவதில்லை, கடைத்தெருவைச் சுற்றித்தான் வருகிறாள். வெளிச்சம் இருக்கிறதே என்று யாரோ சொன்னதற்கு, "வெளிச்சத்துல அவர் நல்லவராத்தானே தெரிஞ்சாரு" என்றாளாம்.

ஆஸ்பத்திரியில் அக்கா இப்போது கேட்கிறாள். கட்டு இறுகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஆச்சு" என்கிறாள். படியில் விழுந்தேன் என்று சொன்னால், "எந்தப் படி" என்கிறாள். சிலருக்கு அது பிடிப்பதில்லை. சிலர் அழுகிறார்கள்.

வௌவால் மாலை நிற்கவில்லை. ஓடைக்கு அந்தப்பக்கம் பாயைப் போட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். புதிதாகச் சில குடும்பங்கள் வருகின்றன, தனியாகச் சில ஆண்களும் வருகிறார்கள். முதல் வௌவால் கிளம்பும்போது எல்லாத் தலையும் மேலே நிமிரும். அக்கா அப்போது கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறாள். யார் வானத்தைப் பார்க்காமல் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வருகிறாள்.